சுங்கம் குறைந்தால் வறுமை குறையுமா? பினாங்கு காட்டும் கணக்கு

1970-இல் தீபகற்ப மலேசியாவில் நூறு குடும்பங்களில் 49 வறுமையில் இருந்தன. 2016-இல் நாடு முழுவதற்குமான அரசுக் கணக்கு 0.4 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘வணிகத்துக்குக் கதவைத் திறந்த நாடு எப்படி முன்னேறியது பாருங்கள்’ என்று பேசுவது கருத்தரங்குகளில் வாடிக்கையாகிவிட்டது. எதிர்த்தரப்பிலும் ஒரு பாட்டு தயாராக இருக்கும்: வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் வந்தான், சம்பாதித்தான், தோட்டத்துத் தமிழன் தெருவுக்கு வந்தான்.

மலேசியாவின் வடக்கில் இருக்கும் பினாங்கு மாநிலத்தில் இருந்துகொண்டு பார்த்தால் இரண்டு பாட்டிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. சுங்க வரியைக் குறைத்தது மட்டும் இங்கே யாரையும் தூக்கிவிடவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. திறப்போடு சேர்ந்து வரவேண்டியவை சில உண்டு. பேரம் பேச ஒரு சங்கம், அதற்குக் கீழே போகக்கூடாது என்ற சம்பளக் கோடு, வேலை போனால் நாலு மாதம் தாங்கும் காப்புறுதி, முதலாளிக்குச் சொந்தமில்லாத ஒரு வீடு. இவை யாருக்கு எப்போது வந்தன என்று பார்த்தால்தான் வறுமைக் கணக்கு புரிகிறது.

முதலில் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1941-இல் ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு தேற்றம் எழுதினார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு நாட்டில் எது மலிந்து கிடக்கிறதோ அதற்கு, வணிகம் திறந்ததும் கிராக்கி கூடும். ஏழை நாட்டில் மலிந்து கிடப்பது அதிகம் படிக்காதவர்களின் உழைப்பு. ஆகவே அவர்கள் சம்பளம் ஏறும், வறுமை இறங்கும். இதற்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு தொழில் படுத்தால் அதிலிருந்தவர் வேறு தொழிலுக்கு எளிதாக மாறிவிடுவார் என்பது ஒன்று. பொருள்தான் எல்லை தாண்டும், ஆள் தாண்டமாட்டார் என்பது இன்னொன்று. மலேசியாவில் இரண்டுமே நடக்கவில்லை.

இந்தியாவிலும் முதலாவது சரியாக நடக்கவில்லை. 1991-க்குப் பிறகு அங்கே சுங்க வரிகள் மளமளவென்று வெட்டப்பட்டன. நாடு மொத்தத்தில் வறுமை குறைந்தது உண்மை. ஆனால் பெட்டியா டோபலோவா என்ற பொருளியலாளர் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பார்த்தபோது, வரிவெட்டு அதிகம் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகத்தான் குறைந்திருந்தது. மக்கள் ஊரையும் தொழிலையும் விட்டு லேசில் நகரவில்லை என்பதை அவர் முக்கியக் காரணமாகக் காட்டினார். நாட்டின் சராசரி ஏறும்போதே ஒரு மாவட்டம் பின்தங்கலாம், ஒரு மாவட்டம் ஏறும்போதே அதற்குள் ஒரு தோட்டம் காணாமல் போகலாம்.

வெங்காயமும் அரிசியும்

வணிகக் கொள்கை ஏழை வீட்டுக்குள் நுழையும் முதல் வழி மளிகைக் கடை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி, மலேசியாவில் அரிசி இறக்குமதிக்கு ஏகபோக உரிமை பெற்றிருக்கும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏற்றியது. உள்ளூர் வெள்ளை அரிசியோ பத்துக் கிலோ பை 26 ரிங்கிட் என்று கட்டுப்பாட்டு விலையில் நின்றது. விளைவு, எல்லாரும் எதிர்பார்த்ததுதான்: உள்ளூர் அரிசி அலமாரியிலிருந்து மறைந்துவிட்டது. அப்புறம் அதே ஆண்டு டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கும் இந்தியா தடை போட்டது. லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் மூட்டையைப் பிரித்து வெங்காயத்தை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கால் கிலோ மட்டும் எடுத்துக்கொண்டு போன அம்மாக்களுக்கு உலக வணிகத்தைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கதவை மூடியது நாம் இல்லை, எதிர்ப்பக்கத்துக்காரர். இறக்குமதி வரியை நாம் எவ்வளவு குறைத்தாலும் விற்பவர் விற்கமாட்டேன் என்றால் விலை ஏறும். அதேபோல, பெர்னாஸுக்குக் கொடுத்த ஏகபோகம் நெல் விவசாயியைக் காப்பாற்றத்தான் என்று சொல்லப்படுகிறது. கெடாவிலும் கிளந்தானிலும் நெல் போடுபவர்கள் நாட்டின் ஏழைகளில் அடக்கம் என்பதால் அதை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் முடியாது. ஆனால் பினாங்கின் பிறை என்ற ஊரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் கூலித் தொழிலாளி அரிசி விளைவிப்பவர் இல்லை, வாங்குபவர். உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கும் இந்தக் ‘காவல்’ கொள்கையின் செலவை அவரும் சேர்ந்துதான் கட்டுகிறார்.

காரும் அப்படித்தான். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது முதல் வெளிநாட்டுக் கார்களுக்குக் கடுமையான வரி. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க என்றார்கள். பேருந்து ஒழுங்காக இல்லாத ஊரில் வேலைக்குப் போக வண்டி வேண்டும். ஒன்பது வருடத் தவணையில் கார் வாங்கி, அது கடைசித் தவணை முடியும்முன் பட்டறையில் நிற்பதை நம் குடும்பங்களில் பார்க்காதவர் யார்? காவல் கொள்கை என்றாலே ஏழைக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இந்தத் தவணைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மூடியதால் வந்த வறுமை

பினாங்கின் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. இங்கே ஏழ்மையைக் கொண்டுவந்தது திறப்பு அல்ல, மூடல். 1786-இல் பிரான்சிஸ் லைட் காலத்திலிருந்தே பினாங்கு வரியில்லாத் துறைமுகம். சுமாத்திரா மிளகு, பர்மா அரிசி, சென்னைத் துணி எல்லாம் இங்கே இறங்கி ஏறும். அதை நம்பித்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள், டோங்காங் படகு ஓட்டியவர்கள், கடைத்தெருவில் துணிக்கடை, பணமாற்றுக்கடை வைத்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது இந்தத் துறைமுகம்தான்.

1963 முதல் 1966 வரை மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய ‘கொன்ஃபிரன்தாசி’ மோதல் சுமாத்திரா வணிகத்தைக் கெடுத்தது. பிறகு கூட்டரசு (மத்திய அரசு) வரியில்லாத் துறைமுகத் தகுதியை 1969-இல் எடுத்துவிட்டது. உள்நாட்டுத் தொழில்களைக் காவல் வரி போட்டு வளர்க்கும் நாட்டுக்கு, நடுவில் ஓட்டை மாதிரி ஒரு வரியில்லாத் தீவு எதற்கு என்பது அன்றைய நியாயம். பினாங்கில் வேலையின்மை சுமார் 15 விழுக்காட்டுக்குப் போனது.

அதே 1969-இல்தான், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மூன்று தலைமுறை இங்கே பால்மரம் சீவிய குடும்பங்களும் அதில் உண்டு. பினாங்கு வணிகர்களின் சரிவை எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் பக்கத்தில் வைப்பதில்லை.

1969 தேர்தலில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கினார். 1971-இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் தீவின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் வயல்களாக இருந்த நிலத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட்-பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி, லிட்ரானிக்ஸ், கிளாரியோன் ஆகிய எட்டையும் ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

இதை முழுத் திறப்பு என்று சொல்லமுடியாது. வேலி போட்ட திறப்பு. வேலிக்குள் வரும் சாமானுக்கு வரி இல்லை, போகும் சாமானுக்கும் இல்லை. வேலிக்கு வெளியே நாடு காவல் வரியோடு அப்படியே இருந்தது. உள்ளே போய் வெளியே வந்தது பெண்களின் உழைப்பு மட்டும்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை.

எங்கள் பெரியம்மா அப்படிப் போனவர்களில் ஒருவர். எழுபதுகளின் கடைசியில் ஒரு தொழிற்சாலையில் ‘போண்டிங்’ பிரிவில் சேர்ந்தார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் (மின்னணு ‘சிப்’) ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இழுத்து ஒட்டும் வேலை. மூன்று ஷிப்ட். விடியற்காலை ஐந்து மணிக்கே முச்சந்தியில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். சம்பளத்தில் பாதியைப் பாட்டி கையில் கொடுத்துவிடுவார். தம்பிமார் இருவர் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வரை படித்தது அந்தப் பணத்தில்தான். வீட்டில் யாரும் அதை வறுமை ஒழிப்பு என்று சொல்லவில்லை. ‘அவ சம்பாதிக்கிறா, கேட்டுத்தான் செய்யணும்’ என்று தாத்தா சொல்ல ஆரம்பித்தார். அதுவே பெரிய மாற்றம்.

1985-இல் உலகச் சந்தையில் சில்லு விற்பனை படுத்தது. ஒரு ஷிப்ட் முடியும் நேரத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். பெரியம்மா பெயரும் இருந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை, கண்ணாடி மட்டும் தடிமனாகியிருந்தது. வேறு கம்பெனியில் கேட்டால் இருபது வயதுப் பிள்ளைகளைத்தான் எடுப்போம் என்றார்கள். கடைசியில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்றார்.

திறந்த பொருளாதாரத்தில் ஏற்றம் எவ்வளவு வேகமோ இறக்கமும் அவ்வளவு வேகம். 1985, 1998, 2001, 2008 என்று பினாங்கு நாலு முறை இந்த அலையில் மூழ்கி எழுந்திருக்கிறது. வேலை இழந்தவருக்கு உதவும் வேலை காப்புறுதித் திட்டம் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் கீழ் நடைமுறைக்கு வந்தது 2018-இல். மின்னணுத் தொழிலாளர்கள் வட்டார அளவில் சங்கம் அமைக்க அனுமதி கிடைத்தது 2009-இல். அதற்கு முன் 1988 முதல் அந்தந்தக் கம்பெனிக்குள் சங்கம் வைக்கலாம் என்ற சலுகை மட்டும்தான். குறைந்தபட்ச சம்பளம் 2013-இல், தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். பாயான் லெப்பாஸ் திறந்தது 1972-இல். இடையில் எத்தனை வருடம் என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலீட்டாளர் பயந்து ஓடிவிடுவார் என்பதுதான் ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம். 2013-க்குப் பிறகு குறைந்தபட்ச சம்பளம் படிப்படியாக ஏறி 2025-இல் 1,700 ஆனது. முதலீட்டாளர் யாரும் பாயான் லெப்பாஸைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை.

வேலையும் வீடும் ஒன்றாகப் போன இடம்

தீவைவிட்டுப் பாலம் தாண்டி, பினாங்கின் தீபகற்பப் பகுதியான செபராங் பிறைக்கு வந்தால் கதை வேறு. கரும்புத் தோட்டங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்த நிலம் இது. வந்தவர்கள் முதலில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வருவார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை.

ஏற்றுமதிக்கென்றே பிறந்த பொருளாதாரம் என்றால் அது தோட்டம்தான். லயத்தில், அதாவது தோட்டக் கம்பெனியின் வரிசை வீடுகளில், இருந்தவர்களைவிட உலகச் சந்தையோடு நேரடியாகக் கட்டப்பட்டவர்கள் மலாயாவில் யாரும் இல்லை. 1930-களின் ஆரம்பத்தில் ரப்பர் விலை சரிந்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நாள் கூலிதான். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, கூலியும் இல்லை. ரப்பர் விலை இறங்கினால் சம்பளமும் இறங்கும்படி ஒப்பந்தங்கள் இருந்தன. விலை இறங்கும் ஆபத்தை முதலாளி தாங்காமல் கூலிக்காரன் தலையில் வைப்பதற்கு ‘திறந்த சந்தை’ என்று பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

1970 கணக்கில் மலாய்க்காரர்களில் சுமார் 65 விழுக்காடு, இந்தியர்களில் 39, சீனர்களில் 26 விழுக்காடு வறுமையில் இருந்தார்கள். 1971-இல் அரசு கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கை நிலமில்லாத கிராமத்தவரை அரசின் ஃபெல்டா நிலத் திட்டங்களில் குடியேற்றியது. அங்கேயும் செம்பனைதான், அதுவும் ஏற்றுமதிக்குத்தான். ஆனால் குடியேறியவருக்கு நிலத்தில் பங்கு உண்டு, விலை ஏறினால் அவருக்கும் ஏறும். தோட்டத் தமிழருக்கு வேலையும் இருக்கிறது, கம்பெனி வீடும் இருக்கிறது, அவர் எப்படி நிலமில்லாதவர் ஆவார் என்ற மாதிரியே கணக்குப் போனது. ஒரே பயிர், ஒரே உலக விலை. பங்கு இருந்தவரும் இல்லாதவரும் முப்பது வருடத்தில் வேறு வேறு இடத்தில் போய் நின்றார்கள்.

அடுத்த அடி ஆள் இறக்குமதி. ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் எல்லை தாண்டமாட்டார் என்று வைத்த ஆள் எல்லை தாண்டினார். 1984-இல் இந்தோனேசியாவோடு மேடான் ஒப்பந்தம் போட்டுத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவர வழி செய்தார்கள். உள்ளூர் ஆள் கிடைக்காததால் சம்பளம் ஏறவேண்டிய சரியான நேரம் அது. ஏறவில்லை. இதற்காக வந்தவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நம் தாத்தாக்களும் அதே கணக்கில்தான் கப்பலேற்றப்பட்டார்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. செபராங் பிறையில் ‘பத்து காவான்’ என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் கரும்பு விளைந்த தோட்டம். இன்று 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் வந்து இறங்கும் இடம், மைக்ரோனும் லாம் ரிசர்ச்சும் இருக்கும் தொழிற்பேட்டை. நாட்டின் வணிகக் கணக்கில் இது லாபம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளிக்கு வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு, பிள்ளைக் கொட்டகை, மாரியம்மன் கோயில், கொல்லையில் போட்ட கத்தரிச் செடி, கட்டி வளர்த்த மாடு எல்லாம் ஒரே நாளில் போகும்.

இழப்பீட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1980-ஆம் ஆண்டு விதிப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். நாள் கூலி 12 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 20 வருடம் உழைத்தவருக்குக் கிடைப்பது 4,800 ரிங்கிட். அப்போது அரசு நிர்ணயித்த மலிவு வீட்டின் விலையே 25,000 ரிங்கிட். கடன் கேட்டுப் போனால் வங்கிக்காரர் சம்பளச் சீட்டு கேட்பார், அதுதான் இப்போது இல்லையே. சரி, புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு போட்டார்கள். பிறகு அதையும் உடைத்தார்கள். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதிகளில் ஹிண்ட்ராஃப் என்ற இந்தியர் உரிமை இயக்கத்தின் பேரணிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டதற்குப் பின்னால் இந்த நகர்ப்புற வறுமையும் இருந்தது.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வந்தும் அந்தப் பிள்ளைகள் ஏன் நேரே உள்ளே போய் ஏறவில்லை? சிலர் போனார்கள், ஆபரேட்டராக. தொண்ணூறுகளில் சம்பளம் ஏறியது டெக்னீஷியனுக்கும் எஞ்சினியருக்கும்தான். 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் அருமையான பயிற்சி கொடுத்தது. பட்டறை வைத்திருந்த குடும்பங்கள் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்தே பெரிய நிறுவனங்களாகின. பயிற்சிக்கு எஸ்பிஎம் கணக்கும் அறிவியலும் வேண்டும், பட்டறைக்கு முதலீடு வேண்டும். லயத்திலிருந்து வந்த பல வீடுகளில் இரண்டும் இல்லை.

0.4 என்ற எண்

முதலில் சொன்ன 0.4-க்கு இப்போது வருவோம். அது மாதம் 980 ரிங்கிட் குடும்ப வருமானத்தை வறுமைக் கோடாக வைத்து வந்த எண். பாதி டஜன் பேர் உள்ள வீட்டில் 980 ரிங்கிட்டில் வாடகை, பள்ளிப் பஸ், அரிசி என்று எழுதிப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் வந்த ஐநா சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் இந்தக் கோடு நம்பத்தகாதது என்று வெளிப்படையாகவே சொன்னார். அரசு முதலில் முறைத்தது, பிறகு 2020-இல் கோட்டை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தியது. 2019-க்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடாக மாறியது. 2020 பெருந்தொற்றில் 8.4 ஆகி, 2022-இல் 6.2-க்கு இறங்கியது.

இதனால் வறுமை குறையவே இல்லை என்று ஆகிவிடாது. பாதி நாடு ஏழையாக இருந்த நிலையிலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறோம், அதில் பாயான் லெப்பாஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மறுப்பவர்கள் அறுபதுகளின் பினாங்கைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்கட்டும். ஆனால் திறந்தாலே வறுமை மறைந்துவிடும் என்று நிரூபிக்க 0.4-ஐக் கையில் எடுத்துக்கொண்டு வருபவரிடம், எந்தக் கோடு என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இப்போது அலை மறுபடி மாறுகிறது. 2022-இல் ஆர்செப், சிபிடிபிபி என்ற இரண்டு பெரிய பன்னாட்டு வணிக ஒப்பந்தங்களும் மலேசியாவுக்கு நடைமுறைக்கு வந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு 19 விழுக்காடு வரி போட்டபோது சில்லுகளை அதிலிருந்து தள்ளிவைத்தது, பினாங்கு மூச்சுவிட்டது. 2024-இல் அறிவித்த தேசியக் குறைகடத்தித் திட்டத்தில் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்தான். செபராங் பிறையின் நிபோங் திபாலிலும் புக்கிட் மெர்தாஜமிலும் எந்தப் பள்ளியில் ‘கூடுதல் கணக்கு’ப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், எதில் இல்லை என்பதை வைத்தே அந்த 60,000-இல் யார் இருப்பார்கள் என்று பாதி ஊகித்துவிடலாம்.

உற்பத்தி வரிசையில் நிற்பவரின் பாதுகாப்புதான் எனக்கு இன்னும் இடிக்கிறது. இன்று பல தொழிற்சாலைகள் ஏஜெண்டு வழியாக ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கின்றன. ஆர்டர் வந்தால் கூப்பிடுவார்கள், குறைந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குத் தொடர்ந்து 12 மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை காப்புறுதியில் முதல்முறை பணம் கேட்கக் கடந்த 24 மாதங்களில் 12 மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும், ஒப்பந்தக் காலம் முடிந்து நின்றதை வேலை இழப்பாக அந்தச் சட்டம் எடுத்துக்கொள்வதும் இல்லை. சட்டம் எழுதியவர்கள் நிரந்தர வேலையை மனதில் வைத்து எழுதினார்கள். பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் ஆளெடுப்பு விளம்பரத் தட்டிகளைப் பார்த்தால் ‘ஒப்பந்த அடிப்படை’ என்ற வரிதான் முதலில் கண்ணில் படுகிறது.